சவ்வின் இரண்டு பக்கங்கள்: பீட்டர் மிட்செலும் மைட்டோகாண்ட்ரியாவும்

1961-இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. செல்லுக்குள் இருக்கும் சின்ன உறுப்பான மைட்டோகாண்ட்ரியா எப்படி ஆற்றலைத் தயாரிக்கிறது என்ற கேள்விக்கு அது விடை சொன்னது. வேடிக்கை என்னவென்றால், எழுதிய பீட்டர் மிட்செல் மைட்டோகாண்ட்ரியாத் துறைக்காரரே இல்லை. பாக்டீரியாவின் உறை வழியாக எது உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த உயிர்வேதியியலாளர் அவர். துறையின் பெரிய ஆட்களில் பலர் கட்டுரையைக் கண்டுகொள்ளவில்லை, கண்டுகொண்டவர்கள் நம்பவில்லை. 1978-இல் அதே கருத்துக்காக அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பங்கு போட யாரும் இல்லாமல், முழுப் பரிசு.

அவர் பின்வாசல் வழியாக வந்தவர் என்பதால்தான் விடை அவர் கண்ணில் பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. புதிதாகப் படிப்பவருக்கும் அந்தப் பின்வாசல்தான் சுலபமான வழி. பாடநூல்கள் உணவைச் சிதைக்கும் வினைத்தொடரான கிரெப்ஸ் சுழற்சியின் பெயர்களையெல்லாம் மனப்பாடம் செய்யவைத்துவிட்டுக் கடைசியில்தான் புரோட்டான் பக்கம் வரும். அதற்குள் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். நாம் சவ்விலிருந்து தொடங்குவோம்.

செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன மெல்லிய படலம். தடிமன் சுமார் 5 நானோமீட்டர்தான். மெல்லியது என்றாலும் அயனிகளுக்கு அது பெரிய தடை. அயனி என்றால் மின்னேற்றம் உள்ள அணு அல்லது மூலக்கூறு: சோடியம், பொட்டாசியம், கால்சியம், அப்புறம் எல்லாவற்றிலும் சிறிய புரோட்டான், அதாவது ஹைட்ரஜன் அயனி. நீரில் ஆனந்தமாக மிதக்கும் இவை கொழுப்புக்குள் நுழைய மறுக்கும். உள்ளே போகவோ வெளியே வரவோ வேண்டுமானால், சவ்வில் பதிந்திருக்கும் ஏதாவது ஒரு புரதம் வழிவிட வேண்டும். சில புரதங்கள் வெறும் துளை மாதிரி, திறந்தால் அயனி சரிவில் உருளும். சில, ஆற்றலைச் செலவழித்து அயனியை மேட்டுக்கு ஏற்றும் பம்புகள். இன்னும் சில, ஒன்றை உள்ளே விட்டு இன்னொன்றை வெளியே அனுப்பும் பண்டமாற்று வகை. அயனிக் கடத்தல் என்ற துறையின் மொத்தச் சரக்கும் ஏறக்குறைய இவ்வளவுதான். மீதியெல்லாம் எந்தப் புரதம், எந்த அயனி, எவ்வளவு வேகம் என்ற விவரங்கள்.

1940-களிலும் 50-களிலும் மிட்செல் கேம்பிரிட்ஜில் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். அவருடைய முதல் முனைவர் பட்ட ஆய்வேடு ஏற்கப்படவில்லை. பிறகு பெனிசிலின் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி வேறொன்று எழுதித்தான் பட்டம் வாங்கினார். அங்கேதான் ஜெனிஃபர் மாயில் என்ற ஆய்வாளரோடு கூட்டுச் சேர்ந்தார். மிட்செல் யோசனைகளைக் கொட்டுவார், மாயில் அவற்றைச் சோதனைக்குள் கொண்டுவருவார். பல பத்தாண்டுகள் நீடித்த கூட்டு அது. பரிசு ஒருவருக்கு மட்டும் போனது பற்றி எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

அந்தக் காலத்தில் அவர் மனத்தில் ஊறிய கருத்து மிக எளியது. என்சைம் என்பது வேதிவினையை முடுக்கும் புரதம். சோதனைக்குழாயில் கரைந்திருக்கும் என்சைமுக்கு இடம் வலம் கிடையாது. அது எங்கும் மிதக்கும், எந்தப் பக்கமும் திரும்பும். அதே என்சைம் சவ்வில் குறுக்காகப் பதிந்திருந்தால் கதை மாறிவிடுகிறது. அதன் ஒரு முகம் உள்ளே, மறு முகம் வெளியே. ஒரு பக்கத்தில் ஒரு பொருளை எடுத்து, வேதிவினை செய்து, மறுபக்கத்தில் விட்டுவிட முடியும். வினை நடந்தது, கூடவே ஒரு பயணமும் நடந்துவிட்டது. வேதிவினை வேறு, கடத்தல் வேறு என்று அன்று எல்லாரும் பிரித்து வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே நிகழ்வாக இருக்கலாம் என்றார் மிட்செல். வினைக்குத் திசை உண்டு, அவ்வளவுதான். கேட்கும்போது சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் செல்லை அரைத்து, கலக்கி, வடிகட்டி, கிடைத்த சாற்றில் வினைகளைத் தேடிய தலைமுறைக்கு இது தோன்றவே இல்லை. அரைத்துவிட்டால் உள், வெளி என்பதே காணாமல் போய்விடுமே!

இப்போது மைட்டோகாண்ட்ரியாவுக்கு வருவோம். உடலில் வேலை நடக்க ஏடிபி வேண்டும். இது மூன்று பாஸ்பேட் தொங்கும் ஒரு மூலக்கூறு. கடைசிப் பாஸ்பேட் கழன்றால் மிஞ்சுவது இரண்டே பாஸ்பேட் உள்ள மூலக்கூறு. ஆங்கிலத்தில் முன்னது ATP, பின்னது ADP. தமிழில் எழுதும்போது இந்த இரண்டு பெயர்களும் ‘ஏடிபி’ என்றே மோதிக்கொள்ளும். மூன்று பாஸ்பேட் உள்ளதை ஏடிபி என்றும், இரண்டே உள்ளதை ‘இரண்டு பாஸ்பேட் மூலக்கூறு’ என்றுமே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது கழன்றால் ஆற்றல் கிடைக்கும், திரும்ப ஒட்டவைக்க ஆற்றல் கொடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் உடலில் இருக்கும் ஏடிபி வெறும் கிராம் கணக்கில்தான். ஒரு நாளில் நாம் செலவழிப்பதோ கிட்டத்தட்ட நம் உடல் எடை அளவு. அப்படியென்றால் அதே மூலக்கூறுகள் திரும்பத் திரும்ப, ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை, கழன்று ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. ஒட்டும் வேலையில் பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு சவ்வுகளில் உள்ளே இருப்பதான உட்சவ்வில் நடக்கிறது.

உணவிலிருந்து எடுத்த எலக்ட்ரான்கள் உட்சவ்வில் இருக்கும் புரதங்கள் வழியே ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறி, கடைசியில் ஆக்சிஜனிடம் சேர்ந்து நீராகின்றன. இது 1950-களிலேயே தெரியும். மிட்செல் குருவாக மதித்த டேவிட் கைலின் 1920-களிலேயே எலக்ட்ரானைக் கைமாற்றும் நிறப் புரதங்களான சைட்டோகுரோம்களைக் கண்டு இந்தச் சங்கிலிக்கு அடித்தளம் போட்டிருந்தார். சங்கிலியில் ஆற்றல் வெளியாகிறது, பக்கத்தில் ஏடிபி உருவாகிறது. முதலாவது எப்படி இரண்டாவதை ஓட்டுகிறது என்பதுதான் தெரியவில்லை. இடையில் ஆற்றல் மிகுந்த ஏதோ ஒரு வேதிப்பொருள் இருக்கும், அது ஆற்றலை வாங்கிக் கைமாற்றும் என்று 1953-இல் பில் ஸ்லேட்டர் முன்மொழிந்தார். மற்ற வினைகளில் அப்படித்தான் நடக்கிறது என்பதால் நியாயமான ஊகம்தான். ஆய்வகங்கள் போட்டி போட்டுக்கொண்டு அந்த இடைப்பொருளைத் தேடின. கிடைத்துவிட்டது என்று அறிவிப்பார்கள், பிறகு சத்தமில்லாமல் விட்டுவிடுவார்கள்.

அப்படி ஒரு பொருளே இல்லை என்றார் மிட்செல். எலக்ட்ரான்கள் சங்கிலியில் ஓடும்போது புரோட்டான்கள் உட்சவ்வின் உள்ளிருந்து வெளியே தள்ளப்படுகின்றன. வெளியே புரோட்டான் கூடுகிறது, உள்ளே குறைகிறது. சவ்வு அவற்றைத் திரும்ப விடாது. சவ்வில் பதிந்திருக்கும் ஏடிபி தயாரிக்கும் என்சைம் ஒன்றுதான் திரும்பிவரும் முக்கிய வழி. அதன் வழியாகப் புரோட்டான் உள்ளே பாயும் வேகத்தில் மூன்றாவது பாஸ்பேட் ஒட்டப்படுகிறது. ஆக, எல்லாரும் குப்பியில் தேடிய இடைப்பொருள் சவ்வின் இரண்டு பக்கங்களுக்கும் இடையிலான வேறுபாடுதான். வேறுபாட்டை எந்தக் குப்பியில் பிடித்து வைப்பது?

இதற்கு அணைக்கட்டை உவமையாகச் சொல்வது வழக்கம். நீரை மேலே ஏற்றித் தேக்கி, மதகு வழியே விட்டுச் சக்கரத்தைச் சுழற்றுவது. பாதிதான் பொருந்தும். புரோட்டானுக்கு மின்னேற்றம் இருப்பதால் இங்கே எண்ணிக்கை வேறுபாட்டோடு மின்னழுத்தமும் சேர்ந்துகொள்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் அதிகம் வேலை செய்வது இந்த மின்னழுத்தம்தான். உட்சவ்வின் உட்புறம் வெளியைவிடச் சுமார் 150 முதல் 180 மில்லிவோல்ட் எதிர்மின்னாக இருக்கும். சின்ன டார்ச் பேட்டரியில் பத்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் அது 5 நானோமீட்டர் தடிமனுக்குக் குறுக்கே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. கணக்குப் போட்டால் மீட்டருக்கு 3 கோடி வோல்ட் வருகிறது. காற்றில் மின்பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். அதைப்போலப் பத்து மடங்கு புலத்தை நம் மைட்டோகாண்ட்ரியா ஒவ்வொன்றும் தாங்கிக்கொண்டிருக்கிறது.

கருத்து அழகாக இருந்தால் போதுமா, சான்று வேண்டாமா? 1963-இல் வயிற்றுப்புண் முற்றி மிட்செல் எடின்பரோ பல்கலைக்கழக வேலையை விட்டார். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலில், பாட்மின் நகருக்குப் பக்கத்தில் கிளின் ஹவுஸ் என்ற சிதைந்த மாளிகையை வாங்கிச் செப்பனிட்டார். இரண்டு ஆண்டுகள் ஆய்வு கிடையாது. கட்டட வேலையை மேற்பார்வை பார்ப்பதும், கறவை மாடு வளர்ப்பதும்தான். பிறகு குடும்பப் பணத்தில், சகோதரரின் துணையோடு, அங்கேயே ஒரு தனி ஆய்வகம் தொடங்கினார். மாயிலும் வந்து சேர்ந்தார். ஒரு சிலரே வேலை பார்த்த அந்த வீட்டிலிருந்துதான் உலகத்தின் பெரிய ஆய்வகங்களோடு மல்லுக்கு நின்றார். 1966-லும் 1968-லும் தன் கோட்பாட்டை விரிவாக எழுதித் தாமே அச்சிட்டு எல்லாருக்கும் அனுப்பினார். அட்டையின் நிறத்தால் அவற்றுக்குச் ‘சாம்பல் புத்தகங்கள்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அங்கே அவர்கள் செய்த சோதனை ஒன்று எளிமையில் எனக்கு மிகவும் பிடித்தது. ஆக்சிஜன் இல்லாத நீர்மத்தில் மைட்டோகாண்ட்ரியாக்களைப் போட்டு, அமிலத்தன்மையை அளக்கும் மின்முனையைச் செருகி வைப்பார்கள். பிறகு துளி ஆக்சிஜன் செலுத்துவார்கள். சங்கிலி ஒரு கணம் ஓடும், அந்தக் கணத்தில் வெளிநீர்மம் சட்டென்று அமிலமாகும், பிறகு மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். புரோட்டான் வெளியே வந்து திரும்ப உள்ளே கசிவதை முள் அப்படியே வரைந்து காட்டும். எவ்வளவு ஆக்சிஜனுக்கு எத்தனை புரோட்டான் என்று எண்ணவும் முடிந்தது.

எதிர்த்தரப்பு உடனே ஒத்துக்கொள்ளவில்லை. புரோட்டான் வெளியே வருவது உண்மைதான், ஆனால் அது பக்கவிளைவாக இருக்கலாமே என்றார்கள். அதற்குப் பதில் தாவரங்களிலிருந்து வந்தது. 1966-இல் ஆந்த்ரே ஜாகெண்டோர்ஃபும் எர்னஸ்ட் யூரிபேயும் பசலைக்கீரையில் ஒளியைக் கொண்டு ஏடிபி தயாரிக்கும் பசுங்கணிகங்களைப் பி.எச். 4 உள்ள அமிலத்தில் ஊறவைத்து (பி.எச். என்பது அமிலத்தன்மையின் அளவு, எண் குறைந்தால் அமிலம் கூடுதல்), உள்ளும் புறமும் அமிலமான பிறகு சட்டென்று பி.எச். 8 உள்ள நீர்மத்துக்கு மாற்றினார்கள். எல்லாம் இருட்டில். ஒளி இல்லை, அதனால் எலக்ட்ரான் ஓட்டம் இல்லை, இடைப்பொருள் உருவாக வழியே இல்லை. இருந்தும் ஏடிபி உருவானது. இரண்டு பக்கமும் அமிலத்தன்மை வேறாக இருந்தது ஒன்றே போதுமாயிருந்தது. மின்னழுத்தம் இருக்கிறதா என்பதை மாஸ்கோவில் விளாதிமிர் ஸ்குலச்சேவும் எஃபிம் லிபர்மனும் வேறு வழியில் காட்டினார்கள். கொழுப்பில் கரையக்கூடிய செயற்கை நேர்மின் அயனிகளைக் கொடுத்துப் பார்த்தபோது அவை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்க் குவிந்தன. உயிர் உலகில் இல்லாத அந்த அயனிகளுக்கென்று தனிக் கதவு எதுவும் இருக்க முடியாது. உள்ளே எதிர்மின் இருப்பதால்தான் போயின. உயிருள்ள செல்லில் மைட்டோகாண்ட்ரியாவை ஒளிரவைக்க இன்று பயன்படும் பல சாயங்கள் இதே தந்திரத்தில்தான் வேலை செய்கின்றன.

கடைசி ஆணியை 1974-இல் எஃப்ரைம் ராக்கரும் வால்தர் ஸ்டோக்கெனியஸும் அடித்தார்கள். சோயா கொழுப்பில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் செய்தார்கள். உப்புநீரில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து, ஒளி பட்டால் புரோட்டானைத் தள்ளும் ஊதா நிறப் புரதத்தை எடுத்து அதில் பதித்தார்கள். மாட்டின் இதயத்து மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து ஏடிபி என்சைமை எடுத்துப் பக்கத்தில் பதித்தார்கள். விளக்கைப் போட்டதும் ஏடிபி வந்தது. எங்கெங்கோ பிறந்த இந்த மூன்றுக்கும் ஒன்றையொன்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அவற்றுக்கு இடையே பொதுவாக ஓடியது புரோட்டான் மட்டும்தான்.

பழைய புதிர் ஒன்றும் இதில் அவிழ்ந்தது. டைநைட்ரோஃபீனால் என்ற பொருள் 1930-களில் அமெரிக்காவில் உடல் இளைக்க மாத்திரையாக விற்கப்பட்டது. எடை குறைந்தது உண்மை. ஆனால் சாப்பிட்டவர்களுக்கு உடல் கொதித்தது, சிலருக்குக் கண்புரை வந்தது, சிலர் இறந்தார்கள். 1938-இல் அதைத் தடுத்தார்கள். ஏன் அப்படி? இந்த மூலக்கூறு கொழுப்பில் கரையும், புரோட்டானைத் தூக்கிக்கொண்டு சவ்வைக் கடக்கும். அதாவது அணையில் ஓட்டை போடும். சங்கிலி முழு வேகத்தில் ஓடினாலும் ஏடிபி வராது, ஆற்றல் எல்லாம் வெப்பமாகிவிடும். இதே ஓட்டையை உடலே அளவோடு போட்டுக்கொள்வதும் உண்டு. பிறந்த குழந்தைகளின் பழுப்புக் கொழுப்பில் அதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. நடுங்காமலேயே உடம்பைச் சூடாக்க அது உதவுகிறது.

அயனிக் கடத்தல்காரருக்கு இனிமேல்தான் விருந்து. சவ்வுக்குக் குறுக்கே ஒரு மின்னழுத்தம் இருக்கிறது என்றால், அது ஏடிபிக்கு மட்டும்தானா பயன்படும்? தயாரான ஏடிபி வெளியே போக வேண்டும், இரண்டு பாஸ்பேட் மூலக்கூறு உள்ளே வர வேண்டும். ஒரு பண்டமாற்றுப் புரதம் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறது. வெளியே போவதில் எதிர்மின் ஒன்று கூடுதல், எனவே மின்னழுத்தமே அதை வெளியே தள்ளிவிடுகிறது. பாஸ்பேட் உள்ளே வரும்போது ஒரு புரோட்டானைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறது. கால்சியமும் அந்த எதிர்மின்னால் இழுக்கப்பட்டுத்தான் உள்ளே நுழைகிறது. மைட்டோகாண்ட்ரியா கால்சியத்தை உறிஞ்சுவது 1960-களின் தொடக்கத்திலேயே தெரியும். ஆனால் அந்தக் கதவாக இருக்கும் புரதம் எது என்று அடையாளம் கண்டது 2011-இல்தான். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கதவு தெரியாமலே போக்குவரத்தை அளந்துகொண்டிருந்தார்கள். கால்சியம் உள்ளே வந்தால் ஆற்றல் தயாரிப்பு முடுக்கிவிடப்படும், தசை சுருங்கும்போது இது கைகொடுக்கும். அளவு மீறினால் மைட்டோகாண்ட்ரியா வீங்கிச் செல்லே சாகலாம்.

பள்ளியில் ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபி என்று படித்தவர்கள், இப்போதைய புத்தகங்களில் 30 அல்லது 32 என்று பார்த்துக் குழம்பியிருக்கலாம். காரணம் இந்தப் போக்குவரத்துதான். வேதி இடைப்பொருள் என்று நினைத்த காலத்தில் விடை முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும், ஓர் எலக்ட்ரான் இணைக்கு 3 என்று வைத்தார்கள். புரோட்டான் கணக்கில் அப்படிக் கட்டாயம் இல்லை. சங்கிலியின் தொடக்கத்தில் நுழையும் ஓர் இணை சுமார் 10 புரோட்டான்களை வெளியேற்றுகிறது. நம்மைப் போன்ற விலங்குகளின் ஏடிபி என்சைமில் 8 புரோட்டான் நுழைந்தால் 3 ஏடிபி. அதற்கு மேல், ஒவ்வொரு ஏடிபிக்கும் பாஸ்பேட்டை உள்ளே கொண்டுவந்து, சரக்கை வெளியே அனுப்பும் கூலி இன்னொரு புரோட்டான். வகுத்துப் பார்த்தால் இரண்டரைக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. கசிவையும் கழித்தால் இன்னும் குறையும்.

என்சைம் 8 புரோட்டானுக்கு 3 ஏடிபி என்று பேசுவதற்குக் காரணம் அது சுழல்வதுதான். ஆம், நிஜமாகவே சுழல்கிறது. சவ்வில் இருக்கும் வளையத்தைப் புரோட்டான்கள் ஒவ்வொன்றாகத் தள்ளித் திருப்ப, அதோடு இணைந்த அச்சு மேலே இருக்கும் மூன்று அறைகளை மாறி மாறி நெருக்குகிறது. ஒவ்வோர் அறையிலிருந்தும் ஓர் ஏடிபி கழன்று விழுகிறது. பால் போயர் இதைச் சோதனைகளிலிருந்து ஊகித்தார், ஜான் வாக்கர் குழு 1994-இல் அமைப்பைப் படமெடுத்தது. 1997-இல் இருவருக்கும் நோபல். அதே ஆண்டு அதே பரிசின் மறுபாதி டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌவுக்குப் போனது. 1957-இல் நண்டின் நரம்பில் சோடியம்-பொட்டாசியம் பம்பைக் கண்டவர் அவர். அந்தப் பம்பு ஓர் ஏடிபியைச் செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. ஒன்று அயனி வேறுபாட்டைச் செலவழித்து ஏடிபி செய்கிறது, மற்றொன்று ஏடிபியைச் செலவழித்து அயனி வேறுபாடு செய்கிறது. ஒரே மேடையில் இரண்டையும் நிறுத்தியது பரிசுக் குழு தெரிந்தே செய்த வேலைதான்.

இதில் மிட்செலுக்கு ஒரு சங்கடம். புரோட்டான் நேரடியாக வினை நடக்கும் இடத்துக்கே போய்ப் பாஸ்பேட்டை ஒட்டவைக்கிறது என்பதுதான் அவர் சொன்ன இயங்குமுறை. புரதம் வளைந்து திரும்பி வேலை செய்கிறது என்ற போயரின் வழியை அவர் ஏற்கவில்லை. சங்கிலியின் கடைசிப் புரதமும் புரோட்டானைத் தள்ளுகிறது என்று 1977-இல் மார்ட்டன் விக்ஸ்ட்ரோம் காட்டியபோதும் பிடிவாதமாக மறுத்தார். எண்பதுகளின் நடுவில்தான் ஒத்துக்கொண்டார். பெரிய படம் சரியாக இருந்தது, விவரங்கள் பலவற்றில் தவறினார். இருந்தாலும் கோட்பாட்டைச் சோதிக்கக்கூடிய வடிவில் முதலிலேயே எழுதி வைத்ததால், எங்கே தவறினார் என்று கண்டுபிடிப்பதும் மற்றவர்களுக்கு எளிதாயிற்று.

அந்த என்சைம் சுழல்வதை ஜப்பானில் ஹிரோயுகி நோஜி குழு 1997-இல் நேரடியாகவே காட்டியது. அச்சில் ஒளிரும் இழை ஒன்றை ஒட்டி, நுண்ணோக்கியில் வைத்து, ஏடிபி கொடுத்து என்சைமைத் தலைகீழாக ஓட்டினார்கள். இழை ஒரே திசையில் மெல்லச் சுற்றியது. மிட்செல் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1992-இல், காலமாகிவிட்டார்.